பம்பரில் வீடு, வீட்டில் பம்பர்

டல்லாஸ்

அன்புள்ள அக்காவுக்கு,

போன வாரம் வீடியோவில் பேசினபோது என்னைப் பார்த்துவிட்டு, "காருக்கு எதுக்கு நெயில் பாலிஷ் போடுதான்? டாலர்ல சம்பளம் வாங்குறவனுக்கு ஒரு பெயிண்டர் கிடைக்கலையா?" என்று அத்தான் கேட்டாராமே. கிடைத்தார். பம்பரில் உள்ளங்கை அகலத்துக்குத்தான் கீறல். அதை மட்டும் அடித்தால் திட்டாகத் தெரியுமாம். பம்பர் முழுக்க அடித்து, பக்கத்துத் தகட்டிலும் கொஞ்சம் இழுத்துவிடணுமாம். அவர் சொன்ன தொகைக்கு அத்தானுக்கு ஒரு பழைய ஸ்கூட்டரே வாங்கித் தரலாம்.

கீறியது உன் மருமகன். கார் பழகுகிறான். ரிவர்ஸ் எடுத்து கராஜ் நிலையில் உரசினதில் வீட்டுப் பெயிண்ட் பம்பரிலும், பம்பர் பெயிண்ட் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது.

முதலில் காரைச் சொல்கிறேன். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஒரு ஸ்டிக்கர், அதில் நிறத்துக்கு நம்பர். நம்ம டொயோட்டாவின் வெள்ளி நிறத்துக்கு 1எஃப்7. நம்பரைச் சொன்னால் குட்டி பாட்டில் வீட்டுக்கே வந்துவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் வைத்து, கலரைத் தொட்டால் சாம்பல் மாதிரி மங்கலாகக் காய்கிறது. மேலே கிளியர் கோட் பூசினதும்தான் பளபளப்பு வந்தது. நேரே நின்று பார்த்தால் அருமை. ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தால் கறுத்த தேமல். அந்தப் பெயிண்டில் அலுமினியத் துகள் கலந்திருக்கிறதாம். ஸ்பிரே துப்பாக்கியால் அடித்தால் ஒழுங்காகப் படுக்கும், பிரஷ்ஷால் தொட்டால் கண்டபடி கிடக்கும். போதாக்குறைக்கு அந்த நம்பர், கார் பிறந்த அன்றைக்கு இருந்த நிறம். டெக்சாஸ் வெயிலில் நின்ற நிறத்துக்கு ஏது நம்பர்?

நம்ம பட்டறை அண்ணாச்சி அப்பாவின் அம்பாஸடருக்கு நம்பரா கேட்டார்? பெட்ரோல் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெயிலுக்கும் நிழலுக்குமாக நடப்பார், சொட்டுக் கறுப்பு, சொட்டு மஞ்சள் என்று விட்டுவிட்டுப் பார்ப்பார். அந்த வண்டி மெட்டாலிக் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் அவர் பார்த்தது அன்றைக்கு வண்டி இருந்த நிறத்தை.

வீட்டுக் கதை இதைவிட மோசம். இங்கே வீட்டுக்காரர்கள் சங்கம் என்று ஒன்று. சொந்த வீடுதான், கடனும் என் பேரில்தான், ஆனால் வெளியே எந்த நிறம் அடிக்கவும் அவர்கள் அனுமதி வேண்டும். இருக்கிற நிறத்தையே அடிக்கவும்! ஃபாரத்தில் "தற்போதைய நிறம்", "புதிய நிறம்", "மாற்றத்துக்குக் காரணம்" என்று மூன்று கட்டம். முதல் இரண்டிலும் கிரீம் என்று எழுதி, காரணத்தில் "மகன்" என்று போட்டேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். எந்தக் கிரீம், மினுமினுப்பு எவ்வளவு என்று சொல்லவில்லையாம். ஃப்ளாட், எக்‌ஷெல், சாட்டின், செமி கிளாஸ், கிளாஸ் என்று மினுமினுப்பிலேயே ஐந்து சாதி. அவர்கள் அனுப்பிய அட்டையில் எல்லாமே கிரீம், என் வீட்டுக் கிரீமைத் தவிர. கட்டினபோது கொடுத்த நிறம் இப்போது பட்டியலில் இல்லையாம்.

சரி, மாதிரி கொண்டுபோய்க் கலக்கலாம் என்று நிலையிலிருந்து காசு அகலத்துக்குப் பெயிண்டைப் பெயர்த்தேன். உரசின இடத்தைவிட அது பெரிய காயம். கடைக்காரர் அதை ஒரு கருவியில் வைத்தார், நிறம் கலந்து வந்தது. கடை டியூப் லைட்டில் அச்சாகப் பொருந்தினது, வீட்டு வாசல் வெயிலில் லேசாகச் சிவந்து தெரிகிறது. முழு நிலையையும் அடித்தால்தான் மறையும். அதற்கும் ஃபாரம் உண்டு. சங்கம் அடுத்த மாதம்தான் கூடும். அதற்குள் அதே சங்கத்திலிருந்து வேறொரு கடிதம்: நிலை பெயர்ந்து கிடக்கிறது, உடனே சரிசெய்யாவிட்டால் அபராதம்.

சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன், ஆனால் அலுப்பாகவும் இருக்கிறது அக்கா. பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தால் வீடே திருவிழாவாகிவிடும் நமக்கு. இங்கே ஞாயிற்றுக்கிழமை முழுக்க கராஜில் நானும் ரேடியோவும்தான்.

ஒரு நல்லது. மருமகன் உப்புத்தாள் பிடிக்கக் கற்றுக்கொண்டான், என்னைவிட நன்றாகவே தேய்க்கிறான். லீவுக்கு வரும்போது உங்கள் வீட்டு கேட்டை அவனே அடித்துத் தருவானாம். அந்தப் பச்சைக்கு என்ன நம்பர் என்று கேட்கிறான். அத்தானிடம் விசாரித்து எழுது.

அன்புள்ள தம்பி