ஹவுஸ் சர்ஜன் எப்போது தூங்குவார்?

கே: பத்தாலஜி தொடங்கியதிலிருந்து, படிக்கிற நோயெல்லாம் எனக்கே இருப்பதாகத் தோன்றுகிறது. பயப்படலாமா?
– இரண்டாமாண்டு மாணவர், தஞ்சாவூர்

ப: லிம்ஃபோமா பாடம் நடந்த அன்று இரவு கழுத்தைத் தடவிப் பார்க்காதவர் உங்கள் ஹாஸ்டலில் உண்டா? 'மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ் டிசீஸ்' என்று இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். அடுத்த பாடம் வந்ததும் போய்விடும். அடுத்த நோய் வந்துவிடுமே! ஆனால் இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது புத்தகத்திலிருந்து வந்ததல்ல. டாக்டரைப் பாருங்கள். நீங்கள் இன்னும் டாக்டராகவில்லை.

கே: பிளஸ் டூவில் பள்ளியிலேயே முதலாவதாக வந்த என் மகன், அனாடமியில் ஃபெயில். செல்போன்தானே காரணம்?
– ஒரு தந்தை, நாமக்கல்

ப: அந்த வகுப்பில் இருப்பவர்களில் பாதிப் பேராவது அவரவர் பள்ளியில் முதலாவதாக வந்தவர்கள்தான், ஐயா. அவர்களிலும் யாரோ ஒருவர் கடைசியாக வந்துதானே தீரவேண்டும்? தோல்வி என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்ந்த பிள்ளைக்கு முதல் அரியர் சாதாரண அடியல்ல. முதலாண்டுத் தேர்வுக்கு 4 வாய்ப்பு, படிப்பை முடிக்க 9 ஆண்டு என்று 2023 விதிகளே இடம் கொடுக்கின்றன. தேசிய மருத்துவ ஆணையத்துக்கு இருக்கிற பொறுமை, பெற்ற தகப்பனுக்கு இருக்கக்கூடாதா? இன்று ராத்திரி பேசும்போது மார்க்கை விடுங்கள், சாப்பிட்டானா என்று கேளுங்கள். அதற்கும் அந்தச் செல்போன்தான் வேண்டும்.

கே: அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தேன். வகுப்பில் பாதி புரியவில்லை. வைவாவில் வாயே திறப்பதில்லை.
– முதலாண்டு மாணவி, ராமநாதபுரம் மாவட்டம்

ப: தொடக்கத்தில் நடக்கும் ஃபவுண்டேஷன் கோர்ஸில் மொழிப் பயிற்சியும் ஓர் அங்கம்தான். அது சடங்காக முடிந்திருந்தால் மறுபடி வேண்டும் என்று கேளுங்கள். சலுகையல்ல, பாடத்திட்டத்தில் உள்ளது. இன்னொன்றும் சொல்கிறேன், ம்மா. வார்டு போஸ்டிங் வரட்டும். ஜி.எச். கட்டிலில் கிடக்கிற பாட்டி, "நெஞ்சைக் கரிக்குது, வயிறு பொருமுது, மேலுக்கே முடியல தாயி" என்பார். இங்கிலீஷ் மீடியம் நண்பர் கேஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு உங்களைத்தான் திரும்பிப் பார்ப்பார்.

கே: மாணவர் மனநலத்துக்காக ஞாயிறு காலை 6 மணிக்கு யோகா. வராவிட்டால் அட்டெண்டன்ஸ் போச்சு. சரியா?
– மூன்றாமாண்டு மாணவி, கோவை

ப: ஞாயிறு காலை 6 மணிக்கு மாணவருக்கு மனநலம் தருவது தூக்கம்! அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 2009 வாக்கில் வேறு வழியில் போனது. முதலிரண்டு ஆண்டுகளின் வகுப்பு நேரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கை வெட்டியது. மதிப்பெண் தரவரிசையை எடுத்துவிட்டு பாஸ், ஃபெயில் மட்டும் வைத்தது. மாணவர்களின் மனச்சோர்வு கண்கூடாகக் குறைந்தது. மனப்பயிற்சி வகுப்பும் அங்கே உண்டு, ஆனால் டைம் டேபிளில் முதலில் கைவைத்தார்கள். நம்மவர்கள் டைம் டேபிளைத் தொடாமல் பாயை மட்டும் விரிக்கிறார்கள்.

கே: ராகிங் என்பது ஜூனியர்களோடு பழகத்தானே?
– சீனியர், சேலம்

ப: பழக வேண்டுமானால் டீ வாங்கிக் கொடுக்கலாம். 1996-ல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்ட பிறகு, 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2 ஆண்டு வரை சிறை.

கே: தொடர்ந்து 36 மணி நேரம் டியூட்டி. இதற்கெல்லாம் சட்டதிட்டம் கிடையாதா?
– பிஜி மாணவர் (ஊர் போட வேண்டாமாம்)

ப: ஏன் இல்லை? ரெசிடென்ட்களுக்கு ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வாரம் 48 மணி நேரம் என்று 1992-லேயே மத்திய அரசு எழுதி வைத்தது. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த மனநலப் பணிக்குழு 2024-ல், வாரம் 74 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், ஒரு நாள் விடுப்பு கொடுங்கள் என்றது. 32 ஆண்டில் 48 வளர்ந்து 74 ஆகியிருக்கிறது. அதுவும் பரிந்துரைதான். பஸ் டிரைவர் இரவெல்லாம் விழித்திருந்தார் என்றால் நாம் ஏறுவோமா? ஆபரேஷன் தியேட்டருக்கு மட்டும் கும்பிட்டுக்கொண்டே போய்ப் படுக்கிறோம்.

கே: மனநல டாக்டரைப் பார்க்கப் பயம். எங்கள் துறைத் தலைவரே அவர்தான்; நாளை வைவாவிலும் அவர்தான்.
– இறுதியாண்டு மாணவர், திருச்சி

ப: நியாயமான பயம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வந்த கட்டுரை ஒன்று, மனச்சோர்வு அறிகுறியுள்ள மருத்துவ மாணவர்களில் சிகிச்சை தேடியவர்கள் சுமார் 16 சதவீதம்தான் என்கிறது. வைத்தியம் பார்ப்பவரே மார்க் போடக்கூடாது; இதைக் கல்லூரிகள் ஒரே ஒரு சர்க்குலரில் சரிசெய்யலாம். அதுவரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். வெளியில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். உங்கள் விவரத்தை ரகசியமாக வைக்க 2017 மனநலச் சட்டம் அவரைக் கட்டுப்படுத்துகிறது. அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழில் பேசலாம், நைட் டியூட்டி நடுவிலும் எடுப்பார்கள்.