கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள்!

கே: மட்சாவுக்கும் மச்சானுக்கும் என்ன உறவு?

ப: வீட்டுக்கு வரும் மச்சானுக்கு ஒரு கப் போட்டுக் கொடுங்கள், உறவு பலப்படும்.

கே: மட்சா என்கிற இந்தப் பச்சைப் பொடியும் டீத்தூள்தானே? விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறதே!

ப: செடி நீலகிரியில் வளரும் அதே தேயிலைதான். வளர்ப்பில்தான் சங்கதி இருக்கிறது. ஜப்பானில் பறிப்பதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பே தோட்டத்துக்குப் பந்தல் போட்டு வெயிலை மறைத்துவிடுவார்கள். இலையில் தியானின் என்றொரு சத்து உண்டு, இனிப்பான ருசி தருவது அதுதான். வெயில் பட்டால் அது துவர்ப்பாக மாறும், நிழலில் அப்படியே தங்கும். பறித்ததும் ஆவி காட்டி, உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கிக் கல் இயந்திரத்தில் அரைப்பார்கள். ஒரு மணி நேரம் சுற்றினால் 30, 40 கிராம் விழும். வேகமாகச் சுற்றினால் கல் சூடேறி மணம் போய்விடும். பாட்டி வீட்டுத் திருகையைச் சுற்றியவர்களுக்கு இந்த விலையின் நியாயம் புரியும்.

கே: புதிதாக வாங்குபவர் எதைப் பார்க்க வேண்டும்?

ப: நிறத்தைப் பாருங்கள். பளீரென்ற பச்சை நல்லது. காய்ந்த வேப்பிலை நிறமென்றால் கடைக்காரரிடமே இருக்கட்டும். சேர்மானத்தில் தேயிலை மட்டுமே இருக்க வேண்டும், சர்க்கரையும் பால் பவுடரும் இருந்தால் அது வேறு சரக்கு. உஜி, நிஷியோ, யாமே போன்ற ஊர்ப் பெயர் இருந்தால் கூடுதல் நம்பிக்கை. 'செரிமோனியல் கிரேடு' என்ற எழுத்துக்குச் சட்டப்படி எந்த அளவுகோலும் கிடையாது, அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். 30 கிராம் டப்பா போதும். திறந்ததும் இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்து, ஒன்றிரண்டு மாதத்தில் தீர்த்துவிடுங்கள். வருஷத்துக்கு வாங்கிச் சேர்த்துவைக்க இது புளி இல்லை.

கே: மட்சா இட்லி செய்யலாமா?

ப: இட்லிக்கு வெள்ளைதான் அழகு. அடுத்த கேள்வி!

கே: கட்டி கட்டியாகிறது, கசக்கிறது. சரியாகப் போடுவது எப்படி?

ப: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்! ஒரு டீஸ்பூன் பொடியை, அதாவது 2 கிராமை, டீ வடிகட்டியில் சலித்து அகலமான கிண்ணத்தில் போடுங்கள். கட்டிக்கு அதுதான் மருந்து. கொதித்த தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள், கசப்பு அங்கேதான் பிறக்கிறது. டம்ளரிலிருந்து டபராவுக்கு, டபராவிலிருந்து டம்ளருக்கு என்று காபியைப் போல ஆற்றுங்கள். 80 டிகிரிக்கு இறங்கியதும் 70 மில்லி ஊற்றுங்கள்.

அடுத்தது சாசென் என்கிற மூங்கில் மத்து. நாரா பக்கத்துத் தகயாமா இதற்குப் பேர்போன ஊர். ஒரே மூங்கில் துண்டை நூறு இழைபோல் கீறிச் செய்வார்கள். அதை வெந்நீரில் நனைத்துக்கொண்டு, அடியில் அழுத்தாமல், மணிக்கட்டை மட்டும் ஆட்டி முன்னும் பின்னுமாக இருபது விநாடி கடையுங்கள். பெரிய குமிழிகள் உடைந்து மெல்லிய நுரை படர்ந்தால் நிறுத்துங்கள். மத்து இல்லையா? மூடியுள்ள பாட்டிலில் போட்டுக் குலுக்குங்கள்.

கே: பால், சர்க்கரை?

ப: பாலுக்கு மலிவான பொடி போதும், உசத்தியானதை வெறும் தண்ணீரில் குடியுங்கள். சர்க்கரைக்கு ஜப்பானியர் வழி அருமையானது. முதலில் இனிப்பைத் தின்றுவிட்டு, அந்தத் தித்திப்பு நாக்கில் இருக்கும்போதே டீ குடிப்பார்கள். அரைத் துண்டு மைசூர்பாகோடு ஆரம்பியுங்கள்.

கே: ராத்திரி குடிக்கலாமா?

ப: விடிய விடியப் படிக்கும் உத்தேசம் இருந்தால்!

கே: மகளுக்கு ரத்தசோகை, இரும்பு மாத்திரை சாப்பிடுகிறாள். மட்சா என்றால் உயிர். பரவாயில்லையா அம்மா?

ப: நேரத்தைக் கவனியுங்கள். தேயிலையின் துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். மட்சாவில் இலையையே முழுசாக விழுங்குகிறோம். சாப்பாட்டோடும் மாத்திரையோடும் வேண்டவே வேண்டாம், ஒன்றிரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அடுத்த முறை போகும்போது டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். பிள்ளையை அதட்டாதீர்கள். சீக்கிரம் தெம்பாகட்டும்.

கே: ஒரு கப் டீக்கு ஜப்பானில் இவ்வளவு சடங்கு எதற்கு?

ப: தியானத்தில் தூக்கம் வராமலிருக்க ஜென் துறவிகள் குடித்த பானம் இது. 1191இல் சீனாவிலிருந்து திரும்பிய எய்சாய் என்ற துறவி பரப்பினார். 16ஆம் நூற்றாண்டில் சென் நோ ரிக்யூ தேநீர் அறையைச் சுருக்கினார். கியோட்டோ அருகே அவர் அமைத்ததாகச் சொல்லப்படும், இன்றும் நிற்கும் தையான் அறையில் இரண்டு பாய்தான் விரிக்கலாம். வாசலோ குனிந்து தவழ்ந்தால்தான் நுழையும் அளவு. சாமுராயும் வாளை வெளியே வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். உள்ளே எல்லோரும் டீ குடிக்க வந்தவர்கள், அவ்வளவே. நமக்கு அந்த அறை வேண்டாம். தண்ணீர் ஆறும் அந்த இரண்டு நிமிஷம் செல்போனைக் கீழே வையுங்கள், எதிரே இருப்பவரின் முகத்தைப் பாருங்கள். சடங்கின் சாரம் அதுதான்.

கே: முதல் கப் கசந்துவிட்டது. என் நாக்கில் கோளாறா?

ப: தண்ணீரில் கோளாறு. இன்னொரு ஆற்று ஆற்றுங்கள்!