சோளகத்துக்குத் தாங்குமோ, மோனை?

முந்தி கனடாவிலையிருந்து கரம்பொன்னுக்கு வாறவன் சொக்கிலேற் கொண்டருவான். நீ வாங்காத கமராவின்ரை விளம்பரத் தாளைக் கொண்டந்து பெரியையாவிட்டைப் புத்தி கேக்கிறாய். கேக்கிற ஆளைப் பார்! சரி, வாசி.

ஃபியூஜியின்ரை எக்ஸ்100 வரிசையிலை ஆறாவது. 2024 மாசியிலை வந்தது. வரேக்கை விலை 1,599 அமெரிக்க டொலர். நாலு கோடிப் புள்ளி. கொப்பர் சுவரிலை மாட்டுற ஏ4 படத்துக்கு 90 லட்சம் புள்ளி காணும் மோனை. மிச்ச மூண்டு கோடியையும் என்ன செய்யப் போறாய், சீதனமாய்க் குடுக்கவோ?

சோனியின்ரை ஆர்எக்ஸ்100உம் கண்ணுக்கை கிடக்குதாக்கும். உள்ளுக்கை ஒரு இஞ்சிச் சென்சர் எண்டுறாய். அடிமட்டத்தை எடு. நீளம் 13.2 மில்லிமீற்றர், அகலம் 8.8. அரை இஞ்சிக்கு ஒரு சொட்டுக் கூட, அவ்வளவுதான். அந்தக்கால ரி.வி. கமராக் குழாயின்ரை வெளி விட்டத்தைப் பிடிச்சு வைச்ச கணக்காம். சந்தையிலை மீன்காரி இந்தக் கணக்கிலை நிறுத்துத் தந்தால் நீ பேசாமல் வருவியோ? ஃபியூஜியிலையும் ரிக்கோ ஜிஆர் மூண்டிலையும் இருக்கிறது 23.5க்கு 15.6. பரப்பிலை மூண்டு மடங்குக்கு மேலை. பொழுதுபட்டு, வெளிவீதியிலை சாமி சுத்தி வரேக்கைதான் அதின்ரை அருமை தெரியும்.

எண்ணை விடு. நாளைக்கு மத்தியானம் கொம்மாவைத் தலைவாசலிலை இருத்து. பின்னாலை முத்தத்து மணல் கண்ணைக் கூசும். முகத்துக்கு வெளிச்சம் வைச்சியெண்டால் பாயிலை காயப்போட்ட ஒடியல் வெளிறி, மணலோடை மணலாய்ப் போடும். முத்தத்துக்கு வைச்சியோ, கொம்மா கரிக்கட்டை. பிறகு பின்னேரத் தேத்தண்ணியை மறந்திடு. முகத்தின்ரை சுருக்கமும் ஒடியலின்ரை வளைவும் ஒரே படத்திலை நிண்டால் அது கமரா. ரோ ஃபைலிலை எடுத்துக் கொம்பியூட்டரிலை போட்டு நிழலை எப்பன் தூக்கிப் பார். இருட்டுக்கை குறுணி குறுணியாய்க் கிளம்பினால் கடைக்காரனுக்குக் கும்பிடு போட்டிட்டு வா.

வெயிலையும் கேள். குறிகட்டுவான் துறையிலை பன்னிரண்டு மணிக்கு நிண்டு பின்திரையைப் பார்த்தால் தெரியிறது உன்ரை மூஞ்சிதான். ரிக்கோவுக்குக் கண்வைச்சுப் பார்க்கிற துவாரமே இல்லை. பொக்கற்றுக்கை போகும், உண்மை. இஞ்சத்தை வெயிலிலை அது குருட்டுக் கமரா. ஃபியூஜிக்குத் துவாரமும் இருக்கு, வெளிச்சத்தைப் பதினாறிலை ஒண்டாய்க் குறைக்கிற மங்கல் கண்ணாடியும் உள்ளுக்கையே இருக்கு. அதை வைச்சவன் ஒருக்கால் எங்கடை கடற்கரைப் பக்கம் வந்து போயிருக்கவேணும்.

ஆனால் சோளகக் காத்து? ஆனியிலை நயினை நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குப் போறியெண்டால் வள்ளத்திலை ஏறத்தான் வேணும். நெடுந்தீவெண்டால் ஒரு மணித்தியாலம், அலை வந்து மடியிலை இருக்கும். நல்ல தண்ணி பட்டால் துடைக்கலாம், உப்புத்தண்ணி துடைச்ச பிறகும் உள்ளுக்கை இருந்து தின்னும். உன்ரை ஃபியூஜி மழைக்கும் தூசிக்கும் தாங்குமாம். எப்ப? வளையமொண்டும் முன்கண்ணாடியொண்டும் வேறையாய் வாங்கிப் பூட்டின பிறகு! ஆனையை வித்தவன் அங்குசத்துக்குக் கணக்கு எழுதிறான், பார். சோனிக்கு அந்த வழியும் இல்லை. மூக்கை நீட்டி நீட்டி இழுக்கேக்கை மணலையும் சேர்த்து இழுக்கும்.

நெடுந்தீவுக் குதிரையளுக்கு உன்னை யாரெண்டு தெரியாது. கிட்ட நிக்காது. ஃபியூஜிக்கு ஸூம் இல்லை, 35 மில்லிமீற்றர்ப் பார்வை ஒண்டுதான். முருகைக்கல் வேலி வடிவாய் வரும், குதிரை எறும்பளவிலை வரும். அதுக்கு 2019இலை வந்த ஆர்எக்ஸ்100 ஏழுதான் சரி, 24இலையிருந்து 200 வரை போகும். அங்கத்தைப் பெருக்குமரத்தை அடியோடை எடுக்க ரிக்கோவின்ரை 28 காணும்.

ஃபியூஜி பழைய ஃபிலிம் நிறமெல்லாம் போட்டுத் தருமெண்டு துள்ளுறாய். கொப்பரின்ரை கலியாணப் படம் அலுமாரிக்கை தன்பாட்டிலை மங்கிக் கிடக்குது. அவர் ஒரு சதம் குடுக்கேல்லை. நீங்கள் டொலர் குடுத்தல்லோ மங்க வைக்கிறியள்!

இன்னொண்டு. ஃபியூஜியின்ரை ஷட்டர் லென்சுக்கையே இருக்கு, சத்தம் கேளாது. அதுக்காக ஆக்களைக் கேளாமல் எடுக்கிறேல்லை. முக்கியமாய்ப் பனையிலை நிக்கிற மனிசனை. அவர் இறங்கி வரேக்கை இடுப்பிலை கத்தி இருக்கும்.

என்னட்டைக் கேட்டால் வளையத்தோடை ஃபியூஜியை வாங்கு. குதிரைதான் வேணுமெண்டு நிண்டால் சோனியை வாங்கி, ரெண்டு சொப்பிங் பாக்கிலை சுத்தி வள்ளத்தின்ரை கீழ்த்தட்டிலை இரு. விலையைக் கேட்டால் கொப்பருக்குக் கமராவின்ரை விலையை மட்டும் சொல்லு, வளையக் கதையை எடாதை. நான் சொல்லித்தான் வாங்கினனி எண்டும் மூச்சு விடாதை. பிறகு அந்தாள் என்னோடை ஒரு கிழமைக்குக் கதையாது.