சாட்சே பூட்ஸ்: ஒரு சாலை இலக்கணம்

இலக்கணம்

எஸ்டோனியாவின் தென்கிழக்கு மூலையில், ரஷ்ய எல்லையை ஒட்டியிருக்கிறது சாட்சே என்னும் சிற்றூர். வார்ஸ்கா என்னும் ஊரிலிருந்து அங்கே போகும் சரளைச் சாலை லுட்டெப்பா கிராமத்தைத் தாண்டியதும் ரஷ்யாவுக்குள் நுழைகிறது. சுமார் 1 கிலோமீட்டர் அங்கே ஓடிவிட்டு, செஸ்னிகி கிராமத்துக்கு முன்னால் எஸ்டோனியாவுக்குத் திரும்பிவிடுகிறது. இவ்விடத்தில் எஸ்டோனியாவுக்குள் துருத்திக்கொண்டிருக்கும் ரஷ்ய நிலம் சுமார் 115 ஹெக்டேர். வரைபடத்தில் அதன் வடிவம் பூட்ஸைப் போல இருப்பதால் அதற்குச் சாட்சே பூட்ஸ் என்றே பெயர்.

பிறப்பு

1920-ஆம் ஆண்டின் டார்ட்டூ அமைதி உடன்படிக்கைப்படி எல்லை இன்னும் கிழக்கே இருந்தது. பெட்செரி நகரம் எஸ்டோனியாவைச் சேர்ந்தது. 1944-இல் சோவியத் அரசு அந்த வட்டாரத்தின் பெரும்பகுதியை ரஷ்யக் குடியரசின் பிஸ்கோவ் மாகாணத்தோடு சேர்த்தது. இருபுறமும் ஒரே ஆட்சி நடந்தவரை, மாகாணக் கோடு ஒரு சரளைச் சாலையை இரண்டு இடத்தில் வெட்டுவதால் யாருக்கும் தொல்லையில்லை. 1991-இல் எஸ்டோனியா விடுதலையை மீட்டதும் நடைமுறையில் அந்தக் கோடே நாட்டெல்லை ஆயிற்று. சாலை இருந்த இடத்திலேயே இருந்தது.

விதி

சாலை திறந்திருந்தவரை பூட்ஸைக் கடக்கும் முறை மூன்று விதிகளில் அடங்கியது. வண்டியில் கடக்கலாம். நடந்து கடக்கக் கூடாது. வழியில் நிற்கக் கூடாது. கடவுச்சீட்டு காட்ட வேண்டியிருக்கவில்லை, விசாவும் தேவைப்படவில்லை. சாலையின் இரு முனையிலும் அறிவிப்புப் பலகைகள் நின்றன. ஆக, ஓடும் வண்டியில் இருப்பவர் ரஷ்யாவுக்குள் இருந்தும் ரஷ்யாவுக்குப் போனவர் ஆகமாட்டார். வண்டியை நிறுத்தி ஒரு காலைத் தரையில் ஊன்றினாரானால் எல்லை மீறியவர் ஆவார்.

ஐயமும் தெளிவும்

ஐயம்: வழியில் டயர் வெடித்தால்? தெளிவு: விதி டயரைக் கேட்டு எழுதப்பட்டதன்று. ஆகையால் லுட்டெப்பாவிலேயே டயரைப் பார்த்துக்கொள்வதே முறை.

ஐயம்: சாலையோரத்துக் காட்டில் காளான் கண்ணில் பட்டால்? தெளிவு: அது ரஷ்யக் காளான். பார்க்கலாம், பறிக்கலாகாது.

ஐயம்: இவ்வளவு இடர்ப்பட்டு அவ்வழியே ஏன் போக வேண்டும்? தெளிவு: இதற்கு விடை சாட்சேயின் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. இப்பகுதி செட்டோ மக்களின் மண். கிழக்குத் திருச்சபை வழிவந்த கிறிஸ்தவர்கள் அவர்கள். சாட்சேயில் தூய பரஸ்கேவா கோயில் உண்டு. கோயில் திருநாளில் முன்னோர் கல்லறைமேல் துணி விரித்து, சமைத்துக் கொண்டுவந்ததைப் பரப்பி, சுற்றி உட்கார்ந்து உண்பது செட்டோ வழக்கம். இறந்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. உறவு எல்லைக்கு இருபுறமும் கிடக்கும்போது, கல்லறைக்குப் போகும் வழி குடும்பத்தின் உடைமை ஆகிறது.

தீர்வு

கோடு திருந்த வழியில்லாமல் இல்லை. 2005-இல் இரு நாடுகளும் கையெழுத்திட்ட எல்லை ஒப்பந்தத்தில் பூட்ஸ் எஸ்டோனியாவுக்கு வருவதும், ஈடாக வேறிடத்து நிலம் ரஷ்யாவுக்குப் போவதும் இருந்தன. எஸ்டோனிய நாடாளுமன்றம் ஒப்புதல் சட்டத்தின் முகவுரையில் டார்ட்டூ உடன்படிக்கையைக் குறிப்பிட்டது. அதனால் ரஷ்யா தன் கையெழுத்தைத் திரும்பப் பெற்றது. 2014-இல் மீண்டும் கையெழுத்தாயிற்று. ஒப்புதல் இன்னும் இல்லை. 2025 அக்டோபரில் ஆயுதம் தாங்கிய சீருடையினர் பூட்ஸில் தென்பட்டதும் எஸ்டோனியா அச்சாலையை மூடியது. சாட்சேக்குப் போகிறவர்கள் இப்போது சுற்றுப்பாதையில் போகிறார்கள்.

முடிவு

எல்லை வகுப்போர் நிலத்தை அளக்கிறார்கள். அந்த நிலத்தின்மேல் மனிதர் போய்வரும் வழியை அளப்பதில்லை. 115 ஹெக்டேரை ஈடுகட்ட வேறு நிலம் கிடைக்கும். வார்ஸ்காவிலிருந்து சாட்சேக்கு நேர்வழி ஒன்றுதான். ஆகவே எந்த எல்லையையும் வரைபடத்தில் இடுமுன், அவ்வூர்க்காரர்கள் எந்த வழியாகக் கடைக்கும் கோயிலுக்கும் கல்லறைக்கும் போகிறார்கள் என்று கேட்டறிவது வகுப்போரின் முதற்கடமை. சாட்சேயில் அதை ஒருவரேனும் கேட்டிருந்தால் இந்த இலக்கணத்துக்கே தேவை இருந்திராது.