டேஷ்போர்டு மகாராஜாவின் புதிய பதிப்புக்கு ஒரு பல்லாண்டு

வட சென்னை செய்த புண்ணியம், டேஷ்போர்டு மகாராஜா புதிய பதிப்பாக எழுந்தருளியிருக்கிறார். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை மீட்டிங் ஹால் என்று ஒன்று இருக்கும் இடத்திலெல்லாம், தொண்டைமானின் படைக்கலக் கொட்டில் போல ஒரு கீறலும் இல்லாமல், சுவரை நிறைத்து அவர் திருவுருவம் ஜொலிக்கிறது. பவர் பிஐ என்று சிலர் சேவிப்பார்கள், டேப்லோ என்று சிலர். நம்ம ஊர் ஸோஹோவின் வீட்டிலும் அவருக்கு ஒரு சன்னிதி உண்டு. நாமங்கள் பல, கடாட்சம் ஒன்றே. எண்களைப் படிக்கிற தொல்லையிலிருந்து மேலதிகாரி வர்க்கத்தையே விடுதலை செய்த வள்ளல் வேறு யார்?

புதிய பதிப்பின் தலையாய அருள் நிறம். எந்த எண்ணுக்கு மேல் பச்சை, எதற்குக் கீழே சிவப்பு என்பதை இரண்டு கிளிக்கில் மாற்றிக்கொள்ளலாம். 92-க்குக் கீழே இறங்கினால் சிவக்கும் கட்டம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அந்த 92-ஐ 85 ஆக்கிவிட்டால் போதும், ஆலை ஒரு நொடியில் செழித்துவிடுகிறது. ஒரு வால்வைத் திருகவில்லை, ஒரு பேரிங்கைக் கழற்றவில்லை, ஓவர்டைம் என்று ஒரு காசு கொடுக்கவில்லை. இந்தச் சிக்கனத்தை எந்த இன்ஜினியர் இதுவரை எட்டியிருக்கிறார்?

அச்சுகளின் அழகையும் சொல்லத்தான் வேண்டும். பூஜ்யத்திலிருந்து அளக்கத் தொடங்குவது பழைய காலத்து ஏழைகளின் வழக்கம். மகாராஜாவோ 90-இல் தொடங்கி 91-இல் முடிப்பார். அரை சதவீதம் ஏறினால் பரங்கிமலை எழும்பும். இறங்கும் மாதங்களில் மட்டும் பெருந்தன்மையோடு பூஜ்யத்துக்குத் திரும்பிவிடுவார். பள்ளம் யார் கண்ணையும் உறுத்தாது.

அவருடைய விசுவாசத்தை நான் நேரில் கண்டு சிலிர்த்திருக்கிறேன். திருவொற்றியூர்ப் பக்கம் ஓர் ஆலை, மாதாந்திர ரெவ்யூ. கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஃபோர்மேன் எழுந்தார். "சார், ரெண்டாம் நம்பர் கம்ப்ரஸர் சவுண்டு சரியில்ல சார்." மேனேஜர் திரையைப் பார்த்தார். "பச்சையாத்தானய்யா இருக்கு?" "பச்சையாத்தான் சார் இருக்கு." "அப்புறம் என்ன?" ஃபோர்மேன் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷம் அந்த இரைச்சலிலேயே ஊறிய காதுக்கு அதற்கு மேல் என்ன மரியாதை வேண்டும்? மறுநாள் காலை கம்ப்ரஸர் மூச்சை நிறுத்திக்கொண்டது. மகாராஜா கைவிடவில்லை. தரவு ராத்திரிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும் என்பதால், நின்றுபோன மெஷினுக்கு அன்று ராத்திரி வரை பச்சை காட்டிக்கொண்டே இருந்தார். பெற்ற பிள்ளைகூட அப்படி நிற்காது.

மகாராஜாவின் இளவல் காற்றுத் தரக் குறியீட்டாரையும் இங்கே வணங்க வேண்டும். 2015 ஏப்ரலில் தேசத்துக்கு அர்ப்பணிக்கப்பட்டவர். எட்டு மாசுகளை உட்கொண்டு ஒரே ஒரு எண்ணை அருளுவார், அதற்கு ஆறு நிறங்களில் ஒன்றைச் சூட்டுவார். கரும்பச்சை 'நன்று', கருஞ்சிவப்பு 'கடுமை'. 500-க்கு மேல் எண்ணுவதில்லை என்பது அவர் கொண்ட நோன்பு. எத்தனை நாகரிகம் பாருங்கள், துன்பத்துக்குக்கூட ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார். 'சமீர்' என்ற செயலியைத் திறந்தால் மணலிக் காற்று உங்கள் உள்ளங்கையில்.

அந்த எட்டில் பென்சீன் இல்லை, ஹைட்ரஜன் சல்ஃபைடும் இல்லை. அழையா விருந்தாளிகளைப் பந்தியில் உட்காரவைக்காத ஒழுங்கு அது. 2022-இல் திருவொற்றியூரிலும் மணலியிலும் எரிவாயு நெடி அடிக்கிறது என்று ஊரே புலம்பியது. பட்டியலில் பெயர் இல்லாத நெடிக்கு நிறம் எப்படிக் கிடைக்கும்? நிறம் இல்லாததைப் புகாராக எழுதிக் கொடுப்பது பண்பாகுமா?

ஆனாலும் குறியீட்டார் புகழின் சிகரம் சராசரி. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு. எண்ணூர் பெரியகுப்பத்தில், கப்பலில் வரும் அம்மோனியாவை உர ஆலைக்குக் கொண்டுசேர்க்கும் கடலடிக் குழாய் கசிந்தது. கண் எரிந்து, தொண்டை அடைத்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மீனவக் குப்பங்கள் இருட்டில் ஓடின. பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலையருகே அளந்தபோது கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம். வரம்பு 400.

ஓடியவர்களுக்குக் கணக்கு தெரியவில்லை, பாவம். அம்மோனியாவுக்குக் குறியீட்டார் பார்ப்பது 24 மணி நேரச் சராசரியை. அந்த 2,090-ஐ ஒரு மணி நேரத்துக்கு வையுங்கள். மிச்சமுள்ள 23 மணி நேரத்துக்கும் சாதுவாக 50 வையுங்கள். கூட்டி வகுத்தால் 135. அம்மோனியாவுக்கு 200 வரை 'நன்று'. கரும்பச்சை! விடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தால் அன்று நன்னாளாகவே முடிந்திருக்கும். நுரையீரலுக்குச் சராசரி பார்த்து மூச்சு விடத் தெரியாதது குறியீட்டாரின் குற்றமா?

அதற்கு மூன்று வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் படர்ந்தது. கூழைக்கடாக்கள் இறகெல்லாம் கறுத்து நின்றன. குறியீட்டாரின் ஆறு நிறங்களில் கறுப்பு இல்லை என்பதை எத்தனை தீர்க்கதரிசனத்தோடு முன்பே முடிவு செய்திருக்கிறார்கள்!

கருவி பழுதாகித் தரவே வராத நேரங்களிலும் மகாராஜா கலங்குவதில்லை. இடைவெளியை இணைத்துவிடு என்று ஒரு வசதி இருக்கிறது. முன்னிரவுப் புள்ளியிலிருந்து அதிகாலைப் புள்ளிக்கு அவரே ஒரு கோடு இழுத்துவிடுவார். சென்சார் உறங்கிய வேளையிலும் கோடு விழித்திருக்கும். அந்தக் கோட்டுக்கு அடியில் என்ன நடந்தது என்று கேட்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு. அவர்களுக்கு மீட்டிங்குக்கு அழைப்பு போவதில்லை.

ஃபில்டர் என்னும் திருவருளை எண்ணூர் விரைவுச் சாலையில் நின்று அனுபவித்தேன். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் டிரெய்லர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. ஒரு டிரைவர் வண்டிக்கு அடியில் பம்ப் ஸ்டவ்வை மூட்டிச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். கஞ்சி புழுதியில் கோடு போட்டு ஓடியது. "எப்பலேர்ந்து நிக்கிறீங்கண்ணே?" "நேத்து சாயங்காலத்துலேர்ந்து தம்பி." அந்த வாரம்தான் ஒரு கம்பெனித் திரையில் பார்த்திருந்தேன். டிரெய்லர் வந்துபோகும் சராசரி நேரம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு, பச்சை. பொய்யே இல்லை. கேட்டுக்குள் நுழைந்த பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும், வெளியே வந்ததும் நிற்கும். கேட்டுக்கு வெளியே நிற்பவர் மகாராஜாவின் குடிமகனே அல்ல. அண்ணன் அன்று காத்திருக்கவில்லை, வெறுமனே சமைத்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கலைக்குத் திருவொற்றியூரே தாய்வீடு என்று பெருமைப்படலாம். சங்கிலி நாச்சியாரைப் பிரிய மாட்டேன் என்று சன்னிதியில் சத்தியம் செய்ய வேண்டிய நிலை வந்தபோது, அந்த நேரம் பார்த்து இறைவன் கருவறையை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விட வேண்டும் என்று சுந்தரர் வேண்டிக்கொண்டார். அளக்கும் இடத்தில் அளக்க வேண்டியது இருக்கக் கூடாது என்ற நுட்பத்தை அவர் அன்றே அறிந்திருந்தார். ஆனால் இறைவன் பழைய வெர்ஷன். சங்கிலியின் கனவில் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டார். சத்தியம் மகிழடியிலேயே நடந்தது. ஊர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரர் பார்வை போயிற்று. மகாராஜா அப்படிக் காட்டிக்கொடுக்கிறவர் அல்லர். எங்கே நிற்கச் சொன்னாலும் நிற்பார், யார் கனவுக்கும் போக மாட்டார்.

இப்போது அவருக்கு வாயும் முளைத்திருக்கிறது. 2023-இல் பவர் பிஐக்கு கோபைலட் வந்தார். ஸோஹோவில் ஜியா அம்மையார் ஏற்கெனவே கொலுவிருக்கிறார். வரைபடத்தைக்கூட இனி நாம் பார்க்க வேண்டியதில்லை, அவர்களே பார்த்து ஒரு பத்தி எழுதிக் கொடுத்துவிடுவார்கள். உற்பத்தி ஏன் படுத்தது என்று ஓர் அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தார்கள். சவாலான சூழலிலும் செயல்திறன் சீராக இருந்தது என்று பதில் வந்தது. கம்பெனிக் காசில் எம்.பி.ஏ. படித்துவந்தவர் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதும் வாக்கியம் அது. கண் சிமிட்டும் நேரத்தில் வந்துவிட்டது.

இந்தக் குலத்தின் ஆதிகாலத்தவர்களை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது. 1854-இல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற டாக்டர் வீடு வீடாகச் செத்தவர்களைக் கணக்கெடுத்தார். சராசரி எடுக்கத் தோன்றவில்லை அவருக்கு. பெரும்பாலான சாவுகள் ஒரு குடிநீர்ப் பம்பைச் சுற்றிக் குவிந்ததைக் காட்டி, அதன் கைப்பிடியையே கழற்றவைத்தார். தெருப் படத்தில் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு கறுப்புக் கோடு போட்டதுகூட அதற்குப் பிறகுதான். சாவை எண்ணிவிட்டு உலகத்தில் ஏதோ ஒன்றை மாற்றித் தொலைக்கும் அநாகரிகம்! நம் மகாராஜாவின் திரையைப் பார்த்து எந்தக் குழாயின் கைப்பிடியையும் எவரும் கழற்றியதாகப் புகார் வந்ததில்லை.

ஆகவே திருவொற்றியூர், எண்ணூர், மணலி வாழ் பெருமக்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். ராத்திரி நெடி அடித்தால் பிள்ளைகளை எழுப்பாதீர்கள், கதவைத் திறந்துகொண்டு ஓடாதீர்கள். முதலில் போனை எடுத்து நிறத்தைப் பாருங்கள். பச்சை என்றால் அது உங்கள் மூக்கின் கோளாறு, நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்டுங்கள். சிவப்பு என்றால் கொஞ்சம் பொறுங்கள், அடுத்த அப்டேட் வந்துகொண்டிருக்கிறது.