முப்பதுக்குப் பதினேழரை

ரிமோட் மாமா கையில் இருந்தால் ஒரு மணி நேர நிகழ்ச்சி இரண்டரை மணி நேரம் ஓடும். "நிறுத்தறேன், பாருங்கோ" என்பார். நிறுத்துவார். திரையில் ஒரு நடிகை பாதிச் சுழற்சியில், வாய் கோணி, ஒரு கண் மூடி அப்படியே நிற்பாள். நாம் அவளுக்காகக் கூச்சப்படுவோம். மாமா அவளைப் பார்க்கவே மாட்டார். சோபாவிலிருந்து எழுந்து, வேட்டியை இறுக்கிக்கொண்டு, டிவி மேலேயே விரலை வைப்பார்.

"இங்க. முழங்கைக்குக் கீழ. இது யார் கை?"

கூட ஆடுகிற பையனுடைய கை.

"அப்போ ஆடறது யாரு?"

இதற்குப் பதில் சொல்லக் கூடாது. சொன்னால் பத்து நொடி பின்னால் போவார். சொல்லாவிட்டாலும் போவார். என்ன வித்தியாசம் என்றால், சொன்னால் இரண்டு தடவை.

நவி மும்பை வாஷியில் செக்டருக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். சிட்கோ கட்டிய பழைய மூன்று மாடிக் கட்டடத்திலும் உண்டு, பாம் பீச் ரோட்டுக் கோபுரத்திலும் உண்டு. மற்ற ஊர்களில் கிரிக்கெட் பார்த்து அம்பயரைத் திட்டித் தீர்க்க வேண்டியவர்கள், 2006-ல் சோனியில் 'ஜலக் திக்லா ஜா' தொடங்கியதும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். பிபிசி 2004-ல் ஆரம்பித்த 'ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்' நிகழ்ச்சியின் இந்தி அவதாரம் அது. ஆடத் தெரியாத ஒரு பிரபலம், ஆடத் தெரிந்த ஒரு பெயர் தெரியாதவர், எதிரே மூன்று நடுவர்கள், ஆளுக்குப் பத்து மார்க். நாலாவது நடுவர் வாஷியில் இருப்பது சோனிக்கும் தெரியாது. 2012-ல் நிகழ்ச்சியை வாங்கிக்கொண்ட கலர்ஸுக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

மாமா முப்பதுக்குத்தான் போடுவார், ஆனால் அரை மார்க் உண்டு. பால் கணக்கு டைரியின் பின்பக்கத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறார். இடது பத்தியில் பிரபலத்தின் பெயர், வெறும் முதலெழுத்து. வலது பத்தியில் பார்ட்னர் பெயர், இனிஷியல் குடும்பப் பெயர் சகிதம் முழுசாக. பிரபலத்துக்குச் சாதாரணமாகப் பதினேழரை. பார்ட்னருக்கு இருபத்தாறுக்குக் கீழே போட்டு நான் பார்த்ததில்லை. ஃபரா கான் பத்து என்று அட்டையைத் தூக்கினால் மாமாவுக்கு உடம்பு வேர்க்கும். "எதுக்குப் பத்து? நின்னதுக்கா?"

அவர் வேலை பார்த்தது ட்ராம்பே பக்கம் ஓர் உரத் தொழிற்சாலையில், அமோனியா பிளான்ட்டில். எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். கண் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. 'மானாட மயிலாட'வில் கலா மாஸ்டர் கெமிஸ்ட்ரி கெமிஸ்ட்ரி என்று சொல்லிச் சொல்லி அது தமிழ்நாட்டு வீடுகளில் சாம்பார்ப்பொடி மாதிரி புழங்க ஆரம்பித்த காலத்தில், மாமா மட்டும் மனம் புண்பட்டார். "முப்பது வருஷம் அமோனியா பக்கத்துல நின்னவன் நான். எங்கிட்டயா கெமிஸ்ட்ரி?" அதோடு கலைஞர் டிவி அந்த வீட்டில் போயிற்று. விஜய் டிவியின் 'ஜோடி நம்பர் ஒன்' கொஞ்ச நாள் ஓடியது. சிம்புவும் பிருத்விராஜும் மோதிக்கொண்டதை உலகத் தமிழர் அத்தனை பேரும் வாய் பிளந்து பார்த்தபோது, மாமா கொட்டாவி விட்டார். அங்கே இரண்டு பேருமே நடிகர்கள், ஆட்டம் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் திரைக்குப் பின்னால் என்பது அவருக்குப் பிடிக்கவில்லை. "ரெண்டு பேரும் தடுக்கினா யார் பிடிக்கறது? கையே தெரியலையே!"

எனக்கு எரிச்சலே அவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கிறது என்பதுதான். தெரியாமலே பார்த்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தேன். இப்போது முடியவில்லை. கால் வராத பிரபலத்துக்குக் கையில் வேலை கொடுப்பார்கள். கையும் வராவிட்டால் நாற்காலி, தொப்பி, குடை என்று எதையாவது பிடிக்கக் கொடுப்பார்கள். நாயகன் நடுவில் நின்று முறைப்பார். அந்தப் பெண் அவரைச் சுற்றி வாஷி ஸ்டேஷனில் ரயிலை விட்டவள் போல ஓடுவாள். பார்க்கிற நமக்கு அவரும் ஓடின மாதிரி இருக்கும். சுழற்சியில் மணிக்கட்டைப் பிடித்திருப்பது காதலால் அல்ல, எப்போது நிற்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வதற்கு. தலைக்கு மேலே தூக்குகிறார்களே, அதில் கீழே நிற்கிறவனுக்கு உயிர் போகும். மேலே இருக்கிறவளுக்கு எட்டு எண்ணிக்கை வரை காலடி வைக்க வேண்டிய கவலை இல்லை. தூக்கியதும் ஸ்டுடியோ கைதட்டும். மாமா நிறுத்துவார். "இப்போ கால் எங்க இருக்கு? ஆகாசத்துல. ஆகாசத்துல தாளம் தப்புமோ?"

ஒருநாள் இதை விளக்க என்னையே எழுப்பி நிறுத்திவிட்டார். நான் பிரபலமாம். என் முழங்கையைப் பிடித்து, "வெயிட்டை இந்தக் கால்ல போடுங்கோ, நான் திருப்பறேன்" என்று திருப்பினார். டீப்பாய் மேல் இருந்த முறுக்குத் தட்டு விழுந்தது. மாமி சிறு வயதில் மாட்டுங்காவில், 1945-லிருந்து நடக்கிற ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திரில் முறையாகக் கற்றுக்கொண்டவர். இத்தனை வருஷத்தில் டிவி பார்த்து ஒருவருக்கும் அவர் ஒரு மார்க் போட்டதில்லை. அன்றைக்குச் சமையலறையிலிருந்து ஒரே வரி: "அரைமண்டி உக்காரத் தெரியாதவா எல்லாம் மார்க் போடறா."

மாமாவின் பொற்காலம் 2009. பாய்ச்சுங் பூட்டியா ஜெயித்த வருஷம். இந்தியக் கால்பந்து அணித் தலைவர், கௌஹர் கானையும் தாண்டிக் கோப்பையைத் தூக்கினார். சரோஜ் கான் நடுவராக இருந்த சீசன் வேறு, விளையாட்டுக் காரியம் இல்லை. மறுநாள் பேப்பரெல்லாம் பூட்டியா. மாமா மட்டும் லிஃப்டில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "சோனியா ஜாஃபர் ஜெயிச்சுட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். யார் அது, புதுசாகக் குடிவந்தவர்களா என்று பி விங்கில் ஒருவர் கேட்டார்.

அடுத்த ஆதாரம் ஷம்பா சொந்தாலியா. 2012-ல் குர்மீத் சௌத்ரி ஜெயித்தார், பார்ட்னர் ஷம்பா. 2014-ல் ஆஷிஷ் சர்மா ஜெயித்தார், பார்ட்னர் அதே ஷம்பா. "ஹீரோ மாறியாச்சு. பாட்டு மாறியாச்சு. டிரெஸ் மாறியாச்சு. மாறாதது என்ன? சொல்லுங்கோ!" பிளான்ட்டில் மூன்று ஷிஃப்டிலும் ஒரே இடத்தில் நெடி வந்தால் இப்படித்தான் கேட்டிருப்பார். 2013-ல் த்ரஷ்டி தாமி வென்றதற்கு அவர் காட்டும் காரணம் சல்மான் யூசுஃப் கான். அந்தப் பெங்களூர்ப் பையன் 'டான்ஸ் இந்தியா டான்ஸ்' முதல் சீசனிலேயே பட்டம் வாங்கியவன், அவனோடு யார் நின்றாலும் கோப்பைதானாம். "தூணுக்கே பட்டுப் புடவை கட்டி நிறுத்தினாலும் ஆட வெச்சிடுவான்." அதே 2012-ல் வந்த சனத் ஜெயசூர்யாவை மட்டும் மாமா கணக்கிலேயே சேர்க்கவில்லை. 1996 உலகக் கோப்பையில் அவர் இந்தியாவுக்குச் செய்ததற்கு மார்க் போட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

2024 மார்ச்சில் ஓர் இரவு போன் அடித்தது. தூக்கக் கலக்கத்தில் எடுத்தேன். "பவார் ஜெயிச்சுட்டான்!" தேசியவாத காங்கிரஸ் என்ற கட்சிப் பெயரும் கடிகாரச் சின்னமும் அஜித் பவாருக்கே என்று தேர்தல் ஆணையம் சொல்லி ஒரு மாதம்கூட ஆகாத சமயம். மறுபடி என்ன ஆயிற்றோ, காலையில் கடை திறக்குமோ திறக்காதோ என்று, "எந்தப் பவார் மாமா?" என்றேன். "அசுதோஷ் பவார்! மனிஷா ராணி பார்ட்னர்!" வைல்டு கார்டில் உள்ளே வந்து கோப்பையைக் கொண்டுபோன மனிஷா ராணியை மகாராஷ்டிரமும் பீகாரும் கொண்டாடிக்கொண்டிருந்த நேரத்தில், அசுதோஷுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்ட ஒரே தமிழ்க் குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும்.

இதுவரை சிரித்துக்கொண்டுதான் எழுதினேன். ஒரு விஷயத்தில் சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் பூசின உடம்புள்ள பெண் மேடைக்கு வந்தால் மாமாவின் கருணை முழுக்கப் பையனின் முதுகுக்குப் போய்விடும். "பாவம், டிஸ்க் போயிடும்." நிறுத்துவார். இன்னொரு தடவை சொல்வார். பாரதி சிங் ஆடிய 2012 எபிசோடுகளை யூடியூபில் தேடி எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் அவரை எத்தனை கிலோ என்று மதிப்பிட்டுக்கொண்டிருப்பார். அதே கனத்தில் ஓர் ஆண் வந்தால் "ஆகிருதி" என்பார். பிளஸ் டூ படிக்கிற என் பெண் முன்பெல்லாம் சனிக்கிழமை என்னோடு வந்து உட்காருவாள், இப்போது வருவதில்லை. ஏன் என்று மாமா கேட்டார். சொன்னேன். "நான் அவளைச் சொல்லலியே" என்றார். வேறு யாரைச் சொன்னால் என்ன, கேட்டுக்கொண்டிருந்தது அவள்தானே. இதற்கு அவரிடம் மைனஸ் மார்க் போடுகிற டைரி கிடையாது. நானும் இரண்டு வாரம் போகவில்லை. மூன்றாவது வாரம் மாமி அடை கொடுத்து அனுப்பினார், போய்விட்டேன்.

போன டிசம்பரில் சொசைட்டியில் ஒரு கல்யாண ரிசப்ஷன். நம் கல்யாணங்களுக்கும் சங்கீத் வந்து வெகு நாளாயிற்று. நலங்கு சுருங்கி அரை மணி ஆகிவிட்டது, டான்ஸ் நீண்டு இரண்டு மணி ஆகிவிட்டது. மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஆடினார்கள். கூட்டம் முழுக்க மொபைலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையைப் பார்த்தது. மாமா நாற்காலியைக் கரகரவென்று இழுத்து இடது பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அங்கே ஸ்பீக்கர் பாக்ஸை ஒட்டி, இருட்டில், கறுப்பு டீஷர்ட் போட்ட ஒரு பையன் தனியாக ஆடிக்கொண்டிருந்தான். இரண்டு வாரம் வீட்டுக்கு வந்து இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர். மறந்துபோனால் பார்த்துக்கொள்ளட்டும் என்று எதிரே நின்று ஒவ்வோர் அடியையும் கண்ணாடி மாதிரி வலம் இடமாக மாற்றிப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை ஒரு தடவை நின்றுவிட்டான். பையன் அங்கிருந்தே கையைச் சுழற்றினான், மாப்பிள்ளை சுழன்றான்.

பாட்டு முடிந்து எல்லாரும் மேடைக்குக் கைதட்ட, மாமா எழுந்து அந்தப் பையனிடம் போனார். ஊர் பேர் விசாரித்தார். கன்சோலிக்காரன், அப்பா ஏபிஎம்சி மார்க்கெட்டில் மூட்டை ஏற்றுகிறார் என்றான். "இருபத்தெட்டரை" என்று தமிழில் சொன்னார் மாமா. அவனுக்கு என்ன புரிந்ததோ, காலைத் தொட்டான். மாமா சட்டைப் பையிலிருந்து மொய்க் கவரை எடுத்து அவன் கையில் வைத்து மூடினார்.

மேலே "சௌ." என்று போட்டு மணப்பெண்ணின் பெயரை மாமி காலையிலேயே எழுதி வைத்திருந்த கவர். வரிசையில் எங்களுக்கு முன்னால் நாலு பேர்தான் பாக்கி. மாமி என்னைப் பார்த்து, "உங்ககிட்ட கவர் ஏதாவது இருக்கா? ஒரு ரூபாய் ஒட்டினதா இருந்தா நல்லது" என்றார்.