அன்புள்ள பெயர்-1 அவர்களுக்கு

தொழில்முனைவோர் பயிற்சிப் பிரிவின் இயக்குநர் அவர்களுக்கு, மலேசியாவின் கெமாஸிலிருந்து.

அன்புள்ள பெயர்-1 அவர்களே,

இப்படி விளிப்பதற்குக் கோபிக்க வேண்டாம். உங்கள் பிரிவு எனக்கு அனுப்பிய அழைப்பு இப்படித்தான் தொடங்கியிருந்தது. பயிற்சியின் தலைப்பு, "முன்பின் அறியாத வாடிக்கையாளரின் மனத்தைத் தொடும் மின்னஞ்சல் எழுதுவது எப்படி?" விளிப்பையும் தலைப்பையும் சேர்த்துப் படித்தபோது இந்தப் பயிற்சி யாருக்கு அவசரத் தேவை என்பது புரிந்துவிட்டது. மதிய உணவு உண்டு என்று போட்டிருந்ததால் நானும் வந்தேன். உணவில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கோழிப் பிரட்டல் அருமை.

நான் இங்கே பட்டறை வைத்திருப்பவன். செம்பனைக் குலை வெட்டும் அரிவாள், உளி, அவற்றை மாட்டும் அலுமினியக் கம்பு, குலை ஏற்றும் தள்ளுவண்டி, இவற்றைச் செய்வதும் பழுது பார்ப்பதும் பிழைப்பு. என் மேசையில் இருந்த மற்றவர்கள்: தோட்டங்களில் புல் வெட்டும் குத்தகைக்காரர் ஒருவர், முறுக்கும் அதிரசமும் போடும் அக்கா ஒருவர், குலை லாரி ஓட்டும் தம்பி ஒருவன். எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மாதிரிக் கடிதம் தரப்பட்டது. அமெரிக்காவில் எங்கோ மென்பொருள் விற்பவனுக்காக எழுதிய கடிதம் என்பது அதன் முகத்திலேயே தெரிந்தது. உங்கள் நிறுவனத்தின் வளர்ச்சிப் பயணத்தில் பங்கெடுக்க விழைகிறோம், இந்த வாரம் 15 நிமிடம் காணொளியில் பேசலாமா என்று கேட்டது அது. அக்கா கையைத் தூக்கி, "ஒரு முறுக்கைக் கடிச்சா தெரிஞ்சிடுமே சார், அதுக்கு எதுக்குக் கால் மணி நேரம்?" என்றார். பயிற்சியாளர் "நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்.

அடுத்த படத்தில் இருந்தவர் கேரி துவர்க். 1978 மே மாதம் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் புதிய கணினிகளைக் காட்சிக்கு வைக்கப் போவதாக ஆர்பாநெட் வலையில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பியவர். அதனால் பல மில்லியன் டாலர் விற்பனை நடந்ததாக அவரே பின்னாளில் சொல்லிக்கொண்டார். பயிற்சியாளர் இவரை முன்னோடி என்றார். உலகம் அவரைக் குப்பை அஞ்சலின் தந்தை என்று அழைப்பதைச் சொல்ல நேரமில்லை போலும். அந்தக் கடிதம் போனதும் புகார்கள் குவிந்தன. அன்று அந்த வலையில் இருந்தவர்களே சில ஆயிரம் பேர்தான். விற்க வந்த பொருளோ, அவர்கள் அன்றாடம் புழங்கும் கணினி. பெறுநர் யார், அவர் செய்யும் வேலை என்ன என்பது துவர்க்குக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கு நீங்கள் கற்றுக்கொடுத்தது அவருடைய அந்தப் பாதியை அல்ல, எல்லோருக்கும் ஒரே கடிதம் என்ற மற்றப் பாதியை.

"எண்ணிக்கையைக் கூட்டுங்கள், ஆயிரம் அனுப்பினால் பத்தாவது விழும்" என்றார் பயிற்சியாளர். ஐயா, ஒரு நாளில் 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புகிறவர் தன் முகவரி உண்மையானது என்பதற்கு முறையான சான்று வைத்திருக்க வேண்டும், ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும், புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்று 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் கறாராக இருக்கிறது. ஆயிரம் பேரில் மூன்று பேர் முகம் சுளித்தாலே தபால்காரருக்குக் கோபம் வந்துவிடும். நம் நாட்டுச் சட்டமும் சும்மா இல்லை. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 43ஆம் பிரிவு: என் விவரத்தை வைத்து எனக்கு விளம்பரம் அனுப்பாதே என்று எழுத்தில் சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. ஆணையர் உத்தரவிட்ட பிறகும் நிறுத்தாவிட்டால் 200,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இந்தச் சட்டம் உங்கள் படங்களில் எதிலும் இல்லை. அதிரசம் விற்கப் போன அக்கா சிறைக்குப் போனால் ஜாமீனுக்கு யார் வருவது?

சரி, அந்த மாதிரிக் கடிதத்தைக் கெமாஸில் யாருக்கு அனுப்புவது என்று யோசித்தேன். எங்கள் ஊரின் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று சையட் சிராஜுடின் ராணுவ முகாம். அங்கே இருப்பது பெண்டேக்கர் டாங்கிப் படை. உங்கள் வளர்ச்சிப் பயணம் எந்தத் திசையில் என்று டாங்கிப் படையிடம் மின்னஞ்சலில் விசாரிப்பது குடும்பஸ்தனுக்கு நல்லதல்ல. தவிர, அரசாங்கத்துக்குப் பெரிய அளவில் பொருள் விற்க நிதியமைச்சின் பதிவு வேண்டும், அதன் இணையக் கொள்முதல் தளத்தின் வழியாகப் போக வேண்டும். எவ்வளவு உருக்கமாக எழுதினாலும் பதிவு இல்லாதவனுக்கு அந்த அதிகாரி பதில் போட மாட்டார், போடவும் கூடாது. ரயில்வே இன்னும் பெரிது. சிரம்பானிலிருந்து கெமாஸ் வரை இரட்டைத் தண்டவாளம் போட்டு 2013இல் முடித்தது இந்திய அரசின் இர்கான் நிறுவனம். "தங்கள் வளர்ச்சிப் பயணத்தில்" என்று தொடங்கும் ஒரு மின்னஞ்சலில் அந்த வேலை கிடைத்திருக்கும் என்று நினைக்கிறீர்களா?

மிச்சம் இருப்பது தோட்டங்கள். அப்பா பால் வெட்டிய காலத்தில் பங்களாவில் ஒரு துரை இருந்தார், அவர் தலையசைத்தால் கத்தி வாங்கப்பட்டது. இன்று பெருந்தோட்டங்களின் பெரிய கொள்முதல்கள் பல, தலைமை அலுவலகத்தின் ஒப்புதலுக்குப் போகின்றன. அங்கே ஒரு பொதுவான மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. அதைத் திறந்து படிப்பவர் உண்டா என்பது ஆன்மிகத்தில் சேர்க்க வேண்டிய கேள்வி. ஆனால் அரிவாள் மழுங்கியது யாருக்குத் தெரியும்? காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டில் நிற்கும் மேற்பார்வையாளர், மண்டோருக்குத் தெரியும். கம்பு உடைந்தால் அன்றைய வெட்டு குறையும் என்பது உதவி மேனேஜருக்குத் தெரியும். அவர்கள் இருவரும் மின்னஞ்சல் பார்ப்பதில்லை, வாட்ஸ்அப் பார்க்கிறார்கள்.

பெறுநரை ஆராயுங்கள் என்று உங்கள் பயிற்சியாளர் ஒருமுறை சொன்னார், நியாயமாக அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆராய்ச்சி என்று அவர் காட்டியது பெயரையும் நிறுவனத்தையும் கடிதத்தில் தானாக நிரப்பும் ஒரு கருவி. பெறுநர் ஆராய்ச்சி என்றால் என்ன என்று எங்கள் தாத்தாக்களைக் கேட்டிருக்கலாம். மலாயாத் தோட்டத்துக் கங்காணி உரிமச்சீட்டோடு தன் சொந்த ஊருக்கே ஆள் பிடிக்கப் போனார். எந்த வீட்டில் கடன், எந்த வயலில் விளைச்சல் பொய்த்தது, யாருக்குப் பங்காளியோடு பேச்சில்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் சொன்ன சொல்லை நம்பி ஊர்க்காரர்கள் நாகப்பட்டினத்து முகாமில் காத்திருந்து கப்பலேறினார்கள். மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நின்றது. கங்காணி முறையோ இந்திய அரசு 1938இல் தடுக்கும்வரை ஓடியது. அந்த அளவுக்குப் பதில் கிடைத்த அழைப்பை எந்தப் பயிற்சியாளரும் இனி எழுதப் போவதில்லை. பெறுநரை அவ்வளவு நன்றாக அறிந்திருந்த அந்த அழைப்பு, தலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு சொல்லப்பட்ட பொய்யாகவும் இருந்தது. கப்பலேறியவன் திரும்பி வந்து சட்டையைப் பிடிக்கக் கடல் கடக்க வேண்டும், அதுதான் கங்காணிக்கு வசதி.

எனக்கு அந்த வசதி இல்லை. நான் விற்ற கம்பு வளைந்தால், வாங்கியவர் சந்தைக்கு வரும் வழியில் என் பட்டறை இருக்கிறது. ஆகவே நான் எழுதும் முறை வேறு. தோட்டத்துக்குள் போகாமலே சாலையோரத்து மரங்களைப் பார்த்தால் போதும். மரத்துக்கு 25 வயது நெருங்கிவிட்டால் சீக்கிரம் சாய்த்து மறுநடவு செய்வார்கள், அங்கே நீளக் கம்பு விற்கப் போவது வீண். இளங்கன்று காய்க்க மூன்று ஆண்டு ஆகும், அப்போது உளி வேண்டும். குலை குவியும் மாதங்களில் யாரும் புதுப் பொருளைச் சோதிக்க மாட்டார்கள். மாதக் கடைசியில் மேனேஜர் கணக்கில் மூழ்கியிருப்பார். இதையெல்லாம் பார்த்துவிட்டு ஓர் உதவி மேனேஜருக்கு மலாயில் அனுப்பினேன். தமிழில் இப்படி வரும்:

"ஐயா, சாலையோரத்து மரங்கள் 40 அடி தாண்டிவிட்டன. வெட்டுபவர்கள் இரண்டு கம்புகளைக் கம்பியால் கட்டி உயர்த்துவதைப் பார்த்தேன். கட்டு நழுவினால் அரிவாள் ஆள்மேல் விழும். இரண்டையும் இறுக்கும் கவ்வி செய்திருக்கிறேன், படம் இணைத்துள்ளேன். இரண்டு கம்புக்கு இலவசமாகப் பூட்டித் தருகிறேன். ஒரு சுற்று வெட்டிப் பாருங்கள், பிடிக்காவிட்டால் நானே வந்து கழற்றிக்கொள்கிறேன். வியாழன் பெரட்டுக்கு வரட்டுமா?"

"வா" என்று பதில் வந்தது. வளர்ச்சி, பயணம், பங்கு என்ற சொல் எதுவும் நான் அனுப்பியதில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

உங்கள் நிலைமையும் எனக்குப் புரியாமல் இல்லை. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை சான்றிதழ் கொடுத்தோம் என்பதைத்தான் உங்கள் மேலதிகாரி கேட்பார். அக்காவுக்கு ஒரு வாடிக்கையாளர் கூடினாரா என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. ஆகவே அறிக்கையில் என் பெயரையும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். சான்றிதழிலும் அது பெயர்-1 என்றே அச்சாகியிருக்கிறது, சட்டம் போட்டு மாட்டிவிட்டேன்.

போகிற போக்கில் ஒரு வேலை விஷயம். பயிற்சி நடந்தது உங்கள் பிரிவின் சொந்த மண்டபத்தில். மேடைப் படியின் இடப்பக்கக் கைப்பிடி அடியில் துருப்பிடித்து ஆடுகிறது. பயிற்சியாளர் இறங்கும்போது அதைப் பிடித்துத் தடுமாறியதை நீங்களும் முன்வரிசையிலிருந்து பார்த்தீர்கள். அடியை அறுத்தெடுத்துப் புதுக் குழாய் வைத்துப் பற்றவைத்துச் சாயம் பூசித் தர 180 ரிங்கிட். அரை நாள் வேலை. வகுப்பில்லாத நாளில் செய்துவிடலாம். நிறுவனப் பதிவு எண் என் விலைச்சீட்டில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரட்டுமா? "சரி" என்று ஒரு சொல் அனுப்பினால் போதும், காணொளி வேண்டாம்.

இப்படிக்கு,
பெயர்-1,
அரிவாள் பட்டறை, கெமாஸ்